காற்று இருந்த இடமும் கம்பி இருந்த இடமும்

உங்கள் கணினியில் காற்றுக்கு நிறம் இருக்கிறது. போன வாரம் உங்கள் காற்றாலை அலுவலகத்துக்கு வந்தபோது பார்த்தேன். சிவப்பாக இருந்த இடத்தையெல்லாம் ஒரு தம்பி வட்டம் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த தங்கை, “சார், இந்த இடத்துல காத்து அள்ளுது” என்றாள். “சரிம்மா, சப்ஸ்டேஷன் எங்கே இருக்கு?” என்று கேட்டேன். அதற்கு இன்னொரு படத்தைத் திறக்க வேண்டும் என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஓய்வு பெற்றவன் கோபப்பட்டால் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்பதால் பேசாமல் வந்துவிட்டேன். அங்கே சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இரண்டு படங்களையும் ஏன் ஒன்றாகத் திறக்க வேண்டும் என்பதற்கு என்னிடம் ஒரு ஐஸ் பிளாண்ட்டின் கதை இருக்கிறது.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் காற்றாலை நடுவது ஒரு காய்ச்சலாகப் பரவியிருந்தது. ஊரில் யாரும் காற்றாலை என்று சொல்ல மாட்டார்கள், காத்தாடி என்பார்கள். வள்ளியூரைத் தாண்டித் தெற்கே போனால் டீக்கடைக்குக் கடை அதே பேச்சு. நான் திருநெல்வேலி டவுணில் ரத வீதிக்குப் பக்கத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் எல்லாரும் வாத்தியார்கள். மின் பொறியியல் படித்துவிட்டுக் காத்தாடி நடுகிற கம்பெனியில் சேர்ந்தபோது, பிள்ளை கெட்டுப் போய்விட்டான் என்றே சொந்தக்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் இடம் தேர்வு செய்ய எங்களிடம் ஒரு முறை இருந்தது. அதற்கு வேட்டிப் பரீட்சை என்று பெயர். காத்தாடி வாங்க வருகிறவரை ஆடி மாதத்து மத்தியான வெயிலில் ஜீப்பில் ஏற்றி மலைக் கணவாய்க்குக் கூட்டிப் போவோம். அவர் கீழே இறங்குவார். வேட்டி தலைக்கு மேலே போகும். இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, “எங்கன கையெழுத்துப் போடணும்?” என்று கேட்பார். ஒரு கையை எப்படி எடுப்பது என்பது மட்டும்தான் அவருடைய கவலையாக இருக்கும். காற்றை அளக்கும் கம்பம், கணக்கு எல்லாம் இருந்தன. ஆனால் முகத்தில் அறைகிற காற்றை விடப் பெரிய கணக்கு யாருக்கும் தேவைப்படவில்லை.

ஜெசிந்தாக்காவையும் அப்படித்தான் கூட்டிப் போயிருக்கிறார்கள். அவர் கடற்கரை ஊர்க்காரர். கணவர் கடலோடு போன பிறகு அவர் விட்டுச் சென்ற ஐஸ் பிளாண்ட்டைத் தனியாக நடத்தினார். கரைக்கு வருகிற மீனுக்கு அந்த ஐஸ்தான் உயிர். மின்சாரச் செலவு தாங்காமல் அக்கா ராத்திரி ஷிப்டை நிறுத்தியிருந்தார். அந்த ஷிப்டில் வேலை பார்த்த பெண்கள் வீட்டில் இருந்தார்கள். ஐஸ் போதாததால் வேறு ஊரிலிருந்து ஐஸ் லாரிகள் வரத் தொடங்கின. சொந்தமாக ஒரு காத்தாடி இருந்தால், அது கம்பியில் ஏற்றுகிற மின்சாரத்தை மின்வாரியம் கணக்கில் வைத்துக்கொள்ளும், அதே அளவு மின்சாரத்தை அவர் ஊரில் எடுத்துக்கொள்ளலாம். அது ஒன்றுதான் அவருக்கு வழியாகத் தெரிந்தது. அடுத்த காற்றுக் காலத்துக்குள் காத்தாடி சுற்றவில்லை என்றால் பிளாண்ட்டை மூடுவதாக முடிவு செய்திருந்தார்.

கணவாயில் அவர் விரித்த குடை மேலே மடங்கி, கையை விட்டுப் பறந்து, ஒரு பாறைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்ததாம். அக்கா அதை எடுக்கப் போகவே இல்லை. “குடை போன எடத்துல வைங்க” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்த ஆடியில் நான் வேறு தளத்தில் இருந்தேன். ஐப்பசியில்தான் அக்காவின் காத்தாடி வேலை என் கைக்கு வந்தது. கணவாயிலிருந்து மின் பாதை இழுப்பதற்கான வரைபடத்தைக் கொடுத்தார்கள். பார்க்கவே அழகாக இருந்தது. கணவாயில் தொடங்கிய கோடு ஒரு வளைவு இல்லாமல் நேராக சப்ஸ்டேஷன் பக்கம் வந்தது. நடுவில் ‘பொட்டல்’ என்று எழுதியிருந்தது. வரைபடத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜீப்பை எடுத்தேன்.

பொட்டல் இருந்த இடத்தில் குளம் இருந்தது. கரை தளும்பக் கிடந்தது. கம்பம் நட அடித்து வைத்த முளைகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில். ஒன்றின் சிவப்புத் துணி மட்டும் வெளியே தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் துருத்திக்கொண்டிருந்த கம்பின் மேல் ஒரு நீர்க்காகம் உட்கார்ந்து இறக்கையைக் காயவைத்துக்கொண்டிருந்தது. எங்கள் கம்பங்கள் கரை ஓரத்தில் அடுக்கிக் கிடந்தன. நான் அவற்றின் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தேன்.

நடந்தது இதுதான். எங்கள் பக்கத்து மானாவாரிக் குளங்கள் ஆனி, ஆடியில் காய்ந்து வெடித்துக் கிடக்கும். காற்று அடிப்பதும் அதே மாதங்களில்தான். எல்லாரும் காற்று அடிக்கும்போது வந்து அளக்கிறார்கள். ஆடு மேய்கிற குளத்தைப் பொட்டல் என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். மழை பெய்கிற மாதத்தில் காற்று இருக்காது, அதனால் காத்தாடிக்காரன் எவனும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. வெளியூர்க்காரன் மட்டும் செய்கிற தப்பு இல்லை இது. ஆடியில் நான் அங்கே போயிருந்தால் அந்தக் கோட்டை நானும்தான் போட்டிருப்பேன்.

மேலாளருக்கு போன் செய்தேன். அவர் சென்னைக்காரர், வேலையில் கெட்டி, பொறுமை கிடையாது.

“தண்ணிதானப்பா? மடையைத் திறந்து விட்டுடச் சொல்லு. ஊர்ல யாரையாவது பிடி. கொஞ்சம் செலவானாலும் பரவாயில்ல” என்றார்.

“சார், அந்தத் தண்ணிய நம்பி இப்பத்தான் நாத்துப் பாவியிருக்காங்க. வருஷத்துக்கு அந்த ஒரு போகம்தான்.”

“உன் வேலை காத்தாடியா, விவசாயமா?”

நல்ல கேள்விதான். “மடையில கை வைக்க மாட்டேன் சார். வச்சா நாளைக்கு நம்ம கம்பத்துல அவங்க கை வைப்பாங்க. அதுல தப்பும் இல்ல” என்றேன். “அப்ப அந்தம்மாகிட்ட நீயே பேசிக்கோ. கட்டுமானம் தள்ளிப் போச்சுன்னா உன் பேர்லதான் எழுதுவேன்” என்று மேலாளர் போனை வைத்துவிட்டார்.

வேலை போனாலும் போகும் என்று தெரியும். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை அப்போது. ஆனாலும் அடுத்தவன் வயலைக் காயப்போட்டுக் காற்றை அறுவடை செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. இன்றைக்கும் இல்லை.

இனி என்ன செய்வது? தண்ணீர் வடிகிறவரை காத்திருந்தால் பங்குனி, சித்திரை ஆகிவிடும். அதன் பிறகும் சேற்றில் கம்பம் நிற்காது. காற்று வைகாசிக் கடைசியில் வந்துவிடும். குளத்தைச் சுற்றிக்கொண்டு போனால் பாதை நீளும். நீண்டால் என்ன ஆகும் என்று கேட்கத்தான் சப்ஸ்டேஷனுக்குப் போனேன்.

அங்கே பொறுப்பில் இருந்த இன்ஜினியருக்கு என் வயதுதான் இருக்கும். பேரைச் சொல்லி எழுதினால் சண்டைக்கு வருவார், அதனால் எழுதவில்லை. வாய் நிறைய வெற்றிலை, கண் நிறைய நக்கல். ஆனால் அவர் சொன்ன ஒரு பேச்சு நான் வேலை பார்த்த காலம் முழுக்க எனக்கு உதவியது.

“என்னவே, உங்க ஆளுக எல்லாம் காத்தத் தேடிக்கிட்டு மலைக்குப் போறிய. அங்கன செய்த கரண்ட எங்க கொண்டு வருவிய? எங்கிட்டத்தான? அப்ப முதல்ல எங்கிட்டல்லா வரணும்?”

“இப்ப வந்துட்டேன்லா. குளத்தச் சுத்தி இழுத்தா என்ன ஆகும்?”

“இழுத்துப் பாரும். அந்தப் பக்கத்து லைன்லதான் கொண்டு சேக்கணும். அது ஏற்கனவே மூச்சு முட்டிக்கிட்டுக் கெடக்கு. வழியெல்லாம் பம்ப்செட்டு. எல்லாவனும் ஒண்ணா மோட்டாரப் போட்டா கடைசியில வோல்ட்டேஜு படுத்துரும். ஒம்ம காத்தாடி என்ன செய்யும்?”

“நின்னுரும்.”

“எப்ப நிக்கும்? நல்லா காத்தடிக்கும்போது நிக்கும். அத அண்ணாந்து பாத்துக்கிட்டே இரும்” என்றார்.

வெளியே வந்தேன். தூறிக்கொண்டிருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் கம்பெனி சாமான் போட்டு வைக்கிற காலி இடம். சிவந்த தேரி மண், நாலைந்து முள் அடர்ந்த உடை மரங்கள், காவல்காரருக்கு ஒரு தகரக் கொட்டகை. காத்தாடி இறக்கைகளை அங்கேதான் கிடத்தி வைத்திருந்தோம். ஜீப்பை எடுக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். அந்த இறக்கைகளைத் தடித்த வடத்தால் முளை அடித்துக் கட்டியிருந்தார்கள். வடம் உராய்ந்த இடத்தில் முளையில் பள்ளம் விழுந்திருந்தது. கொட்டகைக் கூரையின் மேல் பாறாங்கற்கள். உடை மரங்கள் எல்லாம் கிழக்கே பார்த்துக் குனிந்திருந்தன.

காற்று இல்லாத இடத்தில் எதற்கு இவ்வளவு வடம்? எதற்குக் கூரை மேல் கல்? தினமும் பார்த்த இடம்தான். சாமான் போடுகிற இடம் என்று ஒரு தடவை மனதில் எழுதிவிட்டால் வேறு எதுவும் கண்ணில் படாது போலிருக்கிறது. அதே சமவெளியில் கொஞ்சம் தள்ளி, காற்றை அளக்கிற கம்பம் ஒன்று இருந்தது. அதன் கணக்கை வாங்கிப் பார்த்தேன். கணவாயை விடக் குறைவுதான், மோசமில்லை. இங்கிருந்து சப்ஸ்டேஷனுக்கு ரோட்டைத் தாண்டினால் போதும்.

மேலாளரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “சரி, மாத்து. ஆனா காத்து குறையும்னு அந்தம்மாகிட்ட சொல்லித் தொலைக்காதே” என்றார். நான் போனை வைத்தேன்.

ஐஸ் பிளாண்ட்டுக்குப் போனபோது ஜெசிந்தாக்கா பின்பக்கம் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். குளத்தைப் பற்றிச் சொன்னேன். இடத்தை மாற்ற வேண்டும் என்று சொன்னேன். எந்த இடம் என்றதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“சாமான் போடுத எடத்துல எனக்குக் காத்தாடியா? நான் பொம்பளன்னு ஏமாத்தப் பாக்கியளா தம்பி? எங்குடை பறந்த எடம் எங்க, நீங்க சொல்லுத எடம் எங்க?”

“அக்கா, அங்க அடிக்கிற காத்து இங்க கிடையாது. குறைவுதான். அதச் சொல்லாம நான் கையெழுத்து வாங்க மாட்டேன்.”

“பொறவு என்னத்துக்கு இங்கன வைக்கச் சொல்லுதிய?”

“நேர்ல வந்து பாருங்க. பாத்துட்டு வேண்டாம்னா வேண்டாம்.”

மறுநாள் வந்தார். எனக்குக் கெட்ட நேரம், ஓர் இலைகூட அசையவில்லை. மேகம் கவிந்து, மூட்டமாக, புழுக்கமாக இருந்தது. காற்றே இல்லாத நாளில் காற்று வரும் என்று நம்ப வைக்க வேண்டிய பிழைப்பு என்னுடையது. அக்கா புதுக் குடை ஒன்று வைத்திருந்தார். விரித்துப் பிடித்தார். அது சும்மா இருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார்.

நான் வடத்தைக் காட்டினேன், முளையைக் காட்டினேன். அக்கா உடை மரத்தடிக்குப் போய் அதன் வளைவைத் தடவிப் பார்த்தார். “எங்கூரு கடக்கரையிலயும் மரமெல்லாம் இப்பிடித்தான் நிக்கும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “சரி, காத்து வருதுன்னே வச்சிக்கிடுவோம். அங்க கூடுதலா அடிக்கில்லா? லைனு நீளம்னா நமக்கென்ன?”

“லைன்ல கரண்ட் படுத்துட்டா காத்தாடி நின்னுரும்க்கா. இந்த மிஷின் ஓடணும்னா கம்பியில கரண்ட் இருக்கணும்.”

“இது என்ன கூத்து? கரண்டு தர்ற மிஷினுக்கே கரண்டு வேணுமா?”

“ஆமாக்கா. கம்பியில இருக்கிற கரண்டோட சேந்துதான் அது சுத்தும். அது இல்லைன்னா புயலே அடிச்சாலும் சும்மாதான் நிக்கும். லைன் சரியாகி, மறுபடி அது ஓடத் தொடங்க நேரமாகும்.”

அக்கா குடையை மடக்கினார். நான் தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

“எங்க பிளாண்டுல கரண்டு போச்சுன்னா” என்று பைய ஆரம்பித்தார், “போன நேரம் மட்டும் நட்டமில்ல தம்பி. உப்புத் தண்ணித் தொட்டி சூடேறிரும். பாதி ஒறஞ்ச கட்டி எளகிப் போயிரும். திரும்ப முதல்லேருந்து குளிர வைக்கணும். பெரிய மோட்டரு வச்சிருக்கவன் செயிக்க மாட்டான். நிக்காம ஓட்டுதவந்தான் செயிப்பான்.” ரோட்டுக்கு அந்தப் பக்கம் சப்ஸ்டேஷன் வேலியைப் பார்த்தார். “அதான அது? இவ்வளவு பக்கத்துலயா? இங்கனயே வைங்க.”

நான் படித்த படிப்பில் இதற்குப் பெரிய பெரிய வார்த்தைகள் இருந்தன. ஆனால் இதை விடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது. அன்றைக்கு ஒன்று புரிந்தது. குறையை முதலில் சொல்லிவிட்டால், மீதியைக் கேட்பவரே யோசித்துக்கொள்வார். குறையை மறைத்திருந்தால், அக்கா அந்த இடத்தில் என்னை நம்பியிருக்கவே மாட்டார்.

மாசிக்குள் காத்தாடி எழும்பி நின்றது. ரோட்டைத் தாண்டி நாலு கம்பம், அவ்வளவுதான் மின் பாதை. அதன் பிறகு காத்திருப்பு. வைகாசிக் கடைசியில் கணவாயில் காற்று வந்துவிட்டது. அங்கே இருந்த காத்தாடிகள் எல்லாம் சுற்றத் தொடங்கிவிட்டன. எங்களுடையது நின்றபடி நின்றது. பஸ்ஸில் போகிறவர்கள் கையைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனார்கள். மேலாளர் தினமும் போன் செய்தார். “இன்னைக்கு?” என்பார். “இல்ல சார்” என்பேன். அக்கா மட்டும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, அதுதான் இன்னும் பாரமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் கொட்டகையின் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. வெளியே ஓடி வந்தேன். தேரி மண் காலில் ஊசியாகக் குத்தியது. இறக்கை சோம்பல் முறித்துக்கொண்டு மெல்லத் திரும்பியது. இன்னும் கொஞ்சம் வேகம் பிடித்ததும் கம்பியோடு சேர்ந்துகொண்டது. சப்ஸ்டேஷன் இன்ஜினியர் மீட்டரைப் பார்த்துவிட்டு வேலிக்குள் இருந்தே கத்தினார்: “வந்துட்டுவே! ஒம்ம சரக்கு வந்துட்டு!” நான் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா என்று கேட்காதீர்கள், கண்ணில் மண் விழுந்திருந்தது.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் கணவாய்ப் பக்கத்து லைன் படுத்துவிட்டது. நல்ல காற்று. அங்கே வரிசையாக நின்ற காத்தாடிகள் ஒன்றொன்றாக நின்று போயின. எங்களுடையது அது பாட்டுக்கு ஓடியது. அந்த ஆடியில் மட்டும் இப்படிப் பல தடவை நடந்தது. வேட்டியைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர் எங்கள் சாமான் போடுகிற இடத்தை வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆடிக் கடைசியில் ஒரு சாயங்காலம் வேன் ஒன்று வந்து நின்றது. ஜெசிந்தாக்கா இறங்கி, குடையை விரித்தார். அது மேலே மடங்கி, கம்பி முறிந்து, வேலியில் போய் மாட்டிக்கொண்டது. “இங்கனயும் குடையத் தின்னுட்டே” என்று சொல்லிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வேனிலிருந்து சாக்கைச் சுற்றி, உமிக்குள் பொதிந்து வைத்த ஒரு ஐஸ் கட்டியை இறக்கச் சொன்னார். கூடவே நன்னாரி சர்பத்தும் எலுமிச்சம்பழமும்.

சர்பத் கலந்து எனக்குக் கொடுத்துவிட்டு, ஒரு பெரிய தம்ளரை எடுத்துக்கொண்டு சப்ஸ்டேஷனுக்குப் போனார், நானும் பின்னால் போனேன். இன்ஜினியர் எழுந்து நின்றுவிட்டார்.

“வேண்டாம்க்கா. இத வாங்கினா லஞ்சம் வாங்குன மாதிரி ஆயிரும்.”

“கரையுததுக்குள்ள குடிச்சிருங்க சார். சாட்சி இருக்காது.”

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து வாங்கிக் குடித்தார். பல் கூசக் கூச மூன்று பேரும் குடித்தோம். அந்த ஐஸ் இந்தக் காற்றில் உறைந்ததுதானா என்று சொல்ல எந்த மீட்டராலும் முடியாது. கம்பிக்குள் போன மின்சாரத்தில் இது என்னுடையது என்று பிரித்துக் காட்ட முடியாது. நான் அதை அக்காவுக்கு விளக்கத் தொடங்கினேன். படித்தவன் புத்தி அப்படி.

அக்கா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். “அது இருக்கட்டும் தம்பி. ராத்திரி ஷிப்டுப் பிள்ளைகள திரும்ப வரச் சொல்லியாச்சு. நாளைலேருந்து ஓட்டுதோம். அதச் சொல்லத்தான் வந்தேன்.”

அந்தக் குளத்துப் பாசனத்தில் அந்த வருடம் அறுப்பும் நடந்திருந்தது. அறுத்த பிறகு கரை ஓரத்தில் கிடந்த எங்கள் கம்பங்களை ஊர்க்காரர்களே வண்டியில் ஏற்றிக் கொடுத்தார்கள். மடையைப் பற்றி மேலாளர் சொன்னதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

ஆகையால், தம்பி தங்கைகளே, சிவப்பாகத் தெரிகிற இடத்துக்கு ஆடியில் போங்கள், யார் வேண்டாம் என்றது? ஐப்பசியிலும் ஒரு தடவை போங்கள், குடை எடுத்துக்கொண்டு. போகிற வழியில் சப்ஸ்டேஷனில் இறங்கி ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள். காத்தாடியை எதற்காக நடுகிறோம் என்று குழப்பம் வந்தால், அது யாரை மறுநாள் வேலைக்குத் திரும்ப வரச் சொல்லப்போகிறது என்று கேட்டுப் பாருங்கள்.